புளித்துப்போன கல்யாணப் பீப்பாய்

வியாழக்கிழமை காலை தபால்காரி டொப்ரிலா தன் மொபெட்டில் கடிதப் பையோடு ஒரு கல்யாணப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு மேட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே லூக்ஷா காய்ந்த அத்திப்பழங்களை ஊசியால் கோத்துக்கொண்டிருந்தார். இரண்டு பழத்துக்கு நடுவில் ஒரு பிரிஞ்சி இலை, பூச்சி அண்டாது. ஸ்ப்ளிட் நகரக் காவல்துறையில் முப்பத்தோரு வருடம் துப்பறிந்துவிட்டு, ஹ்வார் தீவில் அம்மா விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பியவர் அவர். ஊரில் ஓர் ஆடு காணாமல் போனாலும் டொப்ரிலா அவரிடம்தான் ஓடிவருவாள். வந்தவள் திரும்பிப் போகவும் மாட்டாள். முடிவு தெரியும்வரை கூடவே நிற்பாள்.

"ஷ்யோர் லூக்ஷா," என்று தீவு வழக்கப்படி ஐயா போட்டுக் கூப்பிட்டாள். "இந்தத் தடவை ஆடு இல்ல," என்றாள். "நம்ம மரியேதாவோட கல்யாணம்."

மரியேதா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள். அவள் பிறந்த வருடம் அப்பா பார்துல் திராட்சையைப் பாயில் உலர்த்திப் பிழிந்து, ப்ரோஷெக் என்கிற இனிப்பு ஒயினை அறுபது லிட்டர் ஒரு பீப்பாயில் அடைத்து வைத்தார். பிள்ளை பிறந்தால் அடைப்பது, அந்தப் பிள்ளையின் கல்யாணத்தன்று திறப்பது. நடுவில் யாரும் ஒரு வாய் எடுப்பதில்லை. கல்யாணம் சனிக்கிழமை. மாப்பிள்ளையின் அப்பா ஸ்ப்ளிட்டிலிருந்து முன்னதாக வந்திருந்ததால், பார்துல் நேற்று மாலை பெருமையாக அவரை நிலவறைக்கு அழைத்துப் போய்க் குழாயை அடித்து இறக்கினார். குவளையில் விழுந்தது காடி. சாலட்டில் ஊற்றலாம், அவ்வளவுதான். பீப்பாயில் அதுவும் அடிமட்டத்தில்தான் கிடந்தது.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர், சிரித்து மழுப்பிவிட்டார். பார்துல் மழுப்பவில்லை. நேராகத் தம்பி குஸ்மாவின் வீட்டு வாசலுக்குப் போய், தெருவே கேட்கத் திருடன் என்று கத்தினார். போன வருடம் நவம்பரில், புது ஒயின் திறக்கும் புனித மார்ட்டின் நாளன்று, குஸ்மா அந்த நிலவறையிலிருந்து ஏறிச் சமையலறைக்கு வந்ததை எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அவர் கையில் சுரைக்குடுவை இருந்ததாம். நீண்ட காம்புள்ள அந்தக் குடுவையைப் பீப்பாயின் மேல்துளையில் விட்டு வாயால் உறிஞ்சினால் ஒயின் ஏறி நிற்கும். ஒயினைத் திருட்டுத்தனமாக எடுக்க அதைவிட வசதியான சாமான் கிடையாது.

"சித்தப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டார் லூக்ஷா.

"ஒண்ணும் சொல்லல. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. கதவைச் சாத்திக்கிட்டார்." அவள் கையில் இருந்த தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவர்தான் என் ஞானத்தகப்பன். கோயில்ல என் பக்கத்துல சாட்சியா நிக்கப்போறவர். அவர் வாசப்படி ஏறினா நான் வரமாட்டேன்னு அப்பா சொல்றார். அவர் நிக்கலன்னா நானும் நிக்கமாட்டேன். திருடனோ இல்லையோ, எனக்கு சனிக்கிழமைக்குள்ள தெரியணும்."

லூக்ஷா ஊசியைப் பழத்தில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

பார்துல் தன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது டொப்ரிலாவைத்தான் முறைத்தார். "கடுதாசி குடுக்கறதோட உன் வேலை முடிஞ்சுது இல்ல? ஆளையும் சேர்த்துக் குடுக்க ஆரம்பிச்சுட்டியா?"

"ஸ்டாம்பு ஒட்டல, அதனால கூலி கேக்கமாட்டேன்," என்றாள் டொப்ரிலா.

சமையலறை வழியாகத்தான் நிலவறைக்கு வழி. பார்துலின் மனைவி ஓர்ஷுலா தேனும் மிளகும் குங்குமப்பூவும் சேர்த்த கல்யாண ரொட்டிகளை மீன் வடிவத்தில் வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு தலையை அசைத்தாள். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் நிமோனியா வந்து பிழைத்தவள். பத்து ரொட்டி வெட்டுவதற்குள் இருமல் அவளைப் பிடித்து நிறுத்தியது. டொப்ரிலாவுக்கு இந்த வீட்டில் வழக்கமாக ஒரே வேலைதான். காணாமற்போனோர் அலுவலகத்திலிருந்து வரும் பழுப்பு உறையை வருடத்துக்கு ஒரு முறை ஓர்ஷுலாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பாள். மூத்த மகன் தொன்சி தொண்ணூற்றொன்றில், பத்தொன்பது வயதில், கிழக்கே போருக்குப் போனவன். உடல் கிடைக்கவில்லை. டொப்ரிலாவின் முன்னால் ஓர்ஷுலா ஒருநாளும் உறையைப் பிரித்ததில்லை.

நிலவறையில் இரண்டு பீப்பாய்கள் அருகருகே படுத்திருந்தன. ஒரே தச்சன் செய்தவை, ஒரே அளவு. ஒன்றின் முகப்பில் மரியேதா என்று செதுக்கியிருந்தது, மற்றதில் தொன்சி என்று.

லூக்ஷா மரியேதாவின் பீப்பாயின் மேல்துளை வழியாக ஒரு கோலை விட்டு அளந்தார். பத்தரை லிட்டர் இருந்தது. கடைசியாக எப்போது நிரப்பினீர்கள் என்று கேட்டார்.

"தொண்ணூத்தொண்ணு, மார்ட்டின் நாள். ரெண்டையும் வாய்வரைக்கும் நிரப்பினேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ப்ரோஷெக்கே போடல. நிரப்ப ஏது?" பார்துல் கதவைப் பார்த்துப் பேசினார். "பாயில கிடக்கற திராட்சையை வெயில் திரும்பறதுக்கு ஏத்தாப்பல புரட்டணும். ரெண்டு ஆள் வேலை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு போயிடுச்சு."

மார்ட்டின் நாளுக்கு அடுத்த வாரம்தான் தொன்சியிடமிருந்து சேதி நின்றது. அது ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் சொல்லவில்லை. லூக்ஷா இரண்டாவது பீப்பாயின் பக்கம் திரும்பியதும் பார்துல் கையை நீட்டித் தடுத்தார். அதைத் தொட வேண்டாம் என்றார். இந்த வீட்டில் அதை யாரும் தொடுவதில்லை. பதினேழு வருடமாகத் தான் அதைத் துடைத்ததுகூட இல்லை.

"திறக்கமாட்டேன். விரலால ஒரு தட்டு, அவ்வளவுதான்."

பார்துல் படியேறிப் போய்விட்டார்.

லூக்ஷா முதலில் மரியேதாவின் பீப்பாயைக் கீழிருந்து மேலாகத் தட்டினார். அடியில் மட்டும் மந்தமாக ஒலித்தது, பிறகு மேல்வரை பறைபோல் அதிர்ந்தது. அடுத்துத் தொன்சியின் பீப்பாய். கீழே மந்தம், நடுவில் மந்தம், தோளிலும் மந்தம். உச்சியிலிருந்து மூன்று விரல் கீழேதான் சத்தம் மாறியது. அங்கேயே அவர் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்தார்.

"இது பத்திரமா இருக்கு," என்றாள் டொப்ரிலா நிம்மதியாக. "பாவம், தொன்சியோடதைத் திருடன் விட்டுட்டான்."

"ஆமா, ரொம்பப் பத்திரமா இருக்கு," என்றார் லூக்ஷா. அவர் மேல்துளையின் அடைப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பீப்பாய் முழுக்க விரற்கடை தூசு. அடைப்பைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அளவுக்குத் தூசு மெல்லிதாக இருந்தது. அடைப்பு கசியாமலிருக்கத் துணி சுற்றி இறுக்குவது வழக்கம்; அந்தத் துணி சாக்குத் துண்டு அல்ல, நீலக் கோடு போட்ட சட்டையிலிருந்து கிழித்த பட்டை. அதில் ஒரு பொத்தான் துளைகூட இருந்தது. டொப்ரிலா தந்திப் படிவத்தின் பின்புறத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்: பத்தரை, மூன்று விரல், கோடு போட்ட துணி. என்ன பயன் என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆனாலும் எழுதினாள்.

குஸ்மாவின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் வழக்கை முடித்துக்கொண்டே வந்தாள். குஸ்மாவுக்குத் துறைமுகத்து விடுதிகளில் பழக்கம் உண்டு. பழைய ப்ரோஷெக்குக்கு அங்கே மரியாதை அதிகம். குடுவையோடு பார்த்த சாட்சியும் இருக்கிறது.

"ஒரு சந்தேகம்," என்றார் லூக்ஷா. "விடுதிக்கு விக்கறவன் ஒரே நாள்ல அம்பது லிட்டரும் எடுத்துட்டுப் போவானா, இல்ல மடக்கு மடக்கா எடுப்பானா?"

"ஒரே நாள்ல."

"ஒரே நாள்ல காலியானா மிச்சம் இவ்வளவு காடியாகுமா?"

டொப்ரிலா யோசித்தாள். காடியாகக் காற்று வேண்டும், நாளும் வேண்டும். "மடக்கு மடக்காத்தான் எடுத்திருக்கணும். துளையைத் திறக்கறப்பல்லாம் புதுக் காத்து போயிருக்கும்." பிறகு சற்றுக் கோபத்தோடு கேட்டாள்: "அப்ப குஸ்மா இத்தனை வருஷமாவா திருடினார்?"

லூக்ஷா குஸ்மாவின் கதவைத் தட்டினார்.

குஸ்மா மனைவியை இழந்தவர். தனியாக இருந்தார். கதவைத் திறந்ததும், "திருடன் வீட்டுக்கு விருந்தாளி. உக்காருங்க, என்ன குடிக்கிறீங்க? எல்லாம் சொந்தச் சரக்குதான், பயப்படாதீங்க," என்றார். மூலிகை ஊறிய சாராயத்தைச் சின்னக் குவளைகளில் ஊற்றினார். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. திருட்டைப் பற்றி என்ன கேட்டாலும் சிரித்தார், அல்லது மீன் விலையைப் பற்றிப் பேசினார். டொப்ரிலா மூன்று கேள்வி கேட்டாள். மூன்றுக்கும் சுறாமீன்தான் பதில்.

லூக்ஷா கிளம்ப எழுந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போன மார்ட்டின் நாள்ல உங்க அண்ணிக்கு மூச்சு எப்படி இருந்துது? குடுவையை உறிஞ்சற அளவுக்கு இருந்துதா?"

குஸ்மா ஊற்றிக்கொண்டிருந்த சாராயம் குவளையைத் தாண்டி மேஜையில் ஓடியது. அதை அவர் கையாலேயே துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

"ஷ்யோர் லூக்ஷா," என்றார் கடைசியில். "என்னைத் திருடன்னு எழுதிட்டுப் போங்க. ஆறு மாசத்துல ஊர் மறந்துடும். நான் கல்யாணத்துக்கு வரல. குழந்தைகிட்ட காய்ச்சல்னு சொல்லிடறேன்."

"அவ அதை நம்பமாட்டா. நீங்க இல்லாம அவ கோயிலுக்கே போகமாட்டா."

குஸ்மா நாற்காலியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை லூக்ஷா மட்டும் ஓர்ஷுலாவின் சமையலறைக்குப் போனார். டொப்ரிலாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். ஜன்னல் வழியாக அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவர் மெதுவாக ஏதோ சொன்னார், ஓர்ஷுலா ரொட்டிகளை எண்ணுவதுபோல் தலை குனிந்திருந்தாள், பிறகு ஒரு முறை தலையசைத்தாள். திரும்பி வந்தவர், பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாரும் நிலவறைக்கு வரவேண்டும், அது ஓர்ஷுலாவின் விருப்பம் என்றார்.

குஸ்மாவைக் கூட்டிவரும் வேலை டொப்ரிலாவுக்கு. மொபெட்டின் பின்னால் அவர் ஏறமாட்டேன் என்றார். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட நடந்து வந்தாள். பார்துல் தம்பியைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மரியேதா இருவருக்கும் நடுவில் நின்றாள். ஓர்ஷுலா மட்டும் ஒரு கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

லூக்ஷா யாரையும் குற்றம் சாட்டுகிற குரலில் பேசவில்லை. மரம் மூச்சு விடும் என்பதிலிருந்து தொடங்கினார். எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் பீப்பாயின் பலகை வழியே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருக்கும். இந்த அளவுப் பீப்பாயில் வருடத்துக்கு ஒன்றரை லிட்டர். அதனால்தான் வருடா வருடம் மார்ட்டின் நாளில் அதே ப்ரோஷெக்கை ஊற்றி வாய்வரை நிரப்புகிறோம். இடம் விட்டால் காற்று உட்காரும், காற்று உட்கார்ந்தால் காடி.

"இங்க நிரப்பி ஏறக்குறைய பதினேழு வருஷம் ஆச்சு. ஆவியா போனது மட்டும்னா மரியேதா பீப்பாயில முப்பத்தஞ்சு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவா இருக்கணும். இருக்கறது பத்தரை. இருபத்திநாலு லிட்டர் கணக்குல வரல."

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றார் பார்துல். "அந்த இருபத்திநாலு எங்க போச்சுன்னு அவனைக் கேளுங்க."

"இருங்க. இன்னொரு பீப்பாய் இருக்கு. அதுக்கும் அதே மரம், அதே வருஷங்கள். அதுவும் முப்பத்தஞ்சுக்கு இறங்கியிருக்கணும்." லூக்ஷா தொன்சியின் பீப்பாயின் தோளில் தட்டினார். "உச்சியில மூணு விரல்தான் குறையுது. மூணு விரல்னா ஒன்றரை லிட்டர், ஒரு வருஷத்து ஆவி. அதுக்கு முந்தின பதினாறு வருஷத்து ஆவியை யாரோ திருப்பி ஊத்தியிருக்காங்க. பதினாறு ஒன்றரை இருபத்திநாலு."

டொப்ரிலா கையிலிருந்த தந்திப் படிவத்தைப் பார்த்தாள். மூன்று விரல் என்று அவளே எழுதியிருந்தாள். நேற்று அந்த மந்தமான ஒலியைக் கேட்டு நிம்மதியடைந்ததும் அவள்தான். நிரம்பிய பீப்பாயின் சத்தத்தைக் கேட்டு இந்தத் தீவில் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

பார்துல் சுவரிலிருந்து திரும்பினார். விஷயம் அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றார் குஸ்மா திடீரென்று. "போதும், இதோட விடுங்க. நான் குடிகாரன், எடுத்தேன்."

"போன வருஷம் நீங்க எடுத்தது உண்மை," என்றார் லூக்ஷா. "குடிக்கலை. அப்ப இது இன்னும் புளிக்கலை, இதிலிருந்து உறிஞ்சி அதுல ஊத்தினீங்க. வருஷா வருஷம் ஊத்தறவங்களுக்கு அந்தத் தடவை உறிஞ்ச மூச்சு இல்ல. நீங்க தற்செயலா வந்து பார்த்துட்டீங்க, குடுவையை வாங்கிக்கிட்டீங்க. குடிகாரன் அடைப்புக்குப் புதுசா துணி சுத்தமாட்டான். அதுவும் அந்தச் சட்டையைக் கிழிச்சு."

அதன்பிறகுதான் பார்துல் அடைப்பைப் பார்த்தார். மகனின் சட்டையிலிருந்த அந்த நீலக் கோட்டைப் பார்த்தார். பதினேழு வருடமாக அவர் கண் போகாத இடம் அது. டொப்ரிலா வேறு பக்கம் பார்த்தாள்.

"அவன் வந்தா அவனுக்கும் கல்யாணம் பண்ணணும் இல்ல," என்றாள் ஓர்ஷுலா. அவள் குரல் சாதாரணமாகவே இருந்தது, ரொட்டிக்கு மாவு போதுமா என்று கேட்பதுபோல. "வர்றப்ப அது காடியா இருந்தா, நாம அவனை எதிர்பார்க்கலைன்னு தெரிஞ்சுடும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் பார்துல்.

"சொன்னேன். முதல் வருஷம் சொன்னேன், ரெண்டாவது வருஷமும் சொன்னேன். திராட்சை உலர்த்து, நிரப்பணும்னு. அடுத்த வருஷம்னே. அவன் பேரை எடுத்தா எழுந்து போயிடுவே." இருமல் வந்தது. அடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். "அடுத்த வருஷம் புதுசு வந்துடும், இவளோடதுல திருப்பி ஊத்திடலாம்னு நினைச்சுத்தான் எடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் நினைச்சேன்."

அவள் மகளைப் பார்த்தாள். "உன்னோடதைத்தான் எடுத்துட்டேன். இருக்கற பிள்ளைகிட்டேர்ந்து."

மரியேதா அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டு அவள் மடியில் கை வைத்தாள். தனக்கு ப்ரோஷெக்கே வேண்டாம், சித்தப்பாவின் சிவப்பு ஒயின் போதும், அண்ணனுடையதை யாரும் தொட வேண்டாம் என்றாள். குஸ்மாவும் அதையே சொன்னார். தன் வீட்டில் நூறு லிட்டர் இருக்கிறது, இப்போதே உருட்டிக்கொண்டு வருகிறேன் என்றார்.

பார்துல் தம்பியை நோக்கி இரண்டடி வைத்து நின்றுவிட்டார். குஸ்மாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். குஸ்மா, "விடுண்ணா, புதுச் சட்டை," என்றார்.

ஓர்ஷுலா கூடையிலிருந்து எழுந்தாள். சுவரோரம் கிடந்த மரச்சுத்தியலையும் குழாயையும் எடுத்துக்கொண்டு தொன்சியின் பீப்பாய் முன்னால் போய் நின்றாள். வேண்டாம் என்று மரியேதா சொன்னாள். பார்துல் சுத்தியலைத் தான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், ஓர்ஷுலா கொடுக்கவில்லை. குழாயை வைத்து இரண்டு அடி அடித்தாள். அவளுக்குப் பலம் போதாது என்று டொப்ரிலா நினைத்தாள். மூன்றாவது அடியில் அது இறங்கியது.

காய்ந்த அத்தியும் தேனும் வால்நட்டும் கலந்த வாசனை நிலவறை முழுக்க எழுந்தது. முப்பத்தாறு வருடத்துப் பழுப்புத் தங்கம் குவளைக்குள் மெதுவாக இறங்கியது. அதில் மகனுடையது எவ்வளவு, மகளுடையது எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. வழக்கப்படி முதல் குவளை பெண்ணின் அப்பாவுக்கு. ஓர்ஷுலா அதைக் கணவனைத் தாண்டிக் கொண்டுபோய்க் குஸ்மாவின் கையில் வைத்தாள். பார்துல் ஒதுங்கி வழி விட்டார்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு, கறுப்புக் கோட்டுல வந்துடு," என்றாள்.

குஸ்மா குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்க முடியாமல் நின்றார்.

எல்லாரும் மேலே போன பிறகு லூக்ஷா குழாயைச் சரிபார்க்கப் பின்தங்கினார். டொப்ரிலாவும் நின்றாள். ஓர்ஷுலா படியில் பாதி ஏறியவள் திரும்பிக் கேட்டாள்.

"திறந்தாச்சு. இனி எத்தனை நாள் தாங்கும்?"

பீப்பாயிலேயே விட்டால் மூன்று வாரம் தாங்காது என்றார் லூக்ஷா. ஆனால் நாளைக்கு மிஞ்சுவதை உடனே பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, நல்ல தக்கை போட்டு, மெழுகு ஊற்றி, இருட்டில் படுக்க வைக்கலாம். கண்ணாடி மூச்சு விடாது, ஆவியாகாது, ஒவ்வொரு வருடமும் நிரப்ப வேண்டியதும் இல்லை. இப்படி விளக்க ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது; பாட்டில் எத்தனை வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டுச் சொன்னார்.

"அப்படி வெச்சா எவ்வளவு காலம்?"

"முப்பது, நாப்பது வருஷம் கெடாது, ஷ்யோரா ஓர்ஷுலா."

அவள் இரண்டு படி இறங்கி அந்தப் பீப்பாயைப் பார்த்தாள்.

"அவ்வளவு வேண்டாம்," என்றாள். "நாளைக்கே எல்லாருக்கும் ஊத்திடுங்க."